ஓகஸ்ட் மாதத் தண்ணீர்

கவின்,

இந்த நேரத்தில் எழுதுவதற்குக் கோபிக்காதே. இங்கே ஒரு மணி தாண்டிவிட்டது. அங்கே உனக்குப் பத்து மணிதான், ஆனால் தோட்ட வேலைக்காரன் பத்து மணிக்கு விழித்திருக்க மாட்டான் என்று தெரியும், விடிய எழும்பித்தான் பார்ப்பாய். மாலையில் உனக்கு இரண்டு தரம் தொலைபேசி எடுத்தேன். முதல் தரம் நீ உழவு மெசினில் நின்றாய், "பேந்து எடுக்கிறன் அம்மா" என்று வைத்துவிட்டாய். இரண்டாம் தரம் நீ ஆறுதலாகத்தான் கதைத்தாய். நான்தான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு, என்ன சாப்பிட்டாய், உன் க்ளோயியின் தடிமன் சுகமா என்று கேட்டு முடித்தேன். குரலைக் கேட்டால் எனக்குத் துணிவு போய்விடுகிறது. அதனால் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை காலை நீயும் க்ளோயியும் கையெழுத்து வைக்கப் போகிறீர்கள். பத்து வருடக் குத்தகை. அந்தச் செரிப்பழத் தோட்டத்துக்குத் தண்ணீர் போதும், பயப்பட ஒன்றும் இல்லை என்று உனக்குச் சொன்னது நான். நான் சொன்னதால்தான் நீ வேறு ஒருவரிடமும் கேட்கவில்லை. கவின், நான் சொன்னது சரியில்லை. சரியில்லை என்று தெரியக்கூடிய இடத்தில் இருந்துகொண்டுதான் சொன்னேன். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம். நேரமில்லை என்றால் இந்த ஒரு பந்தியோடு நிறுத்தி, தோட்டச் சொந்தக்காரரைக் கூப்பிட்டு ஒரு கிழமை தவணை கேள்.

பிரெஞ்சில் எழுதியிருந்தால் நீ வேகமாக வாசித்திருப்பாய். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு உன்னை இழுத்துக்கொண்டு போன காலத்தில் "இதை வைச்சு நான் ஆருக்கு எழுதப் போறன்?" என்று கேட்டாய். எழுத வேண்டாம், வாசித்தால் போதும். பிரெஞ்சில் எழுதத் தொடங்கினால் என் கை தானாகவே அலுவலக அறிக்கை எழுதத் தொடங்கிவிடும். இந்தக் கதையே ஒரு அறிக்கையில்தான் தொடங்குகிறது.

என் வேலையைப் பற்றி நீ சின்னனில் பள்ளியில் சொன்னது, "அம்மா டவுன்டவுனில் தண்ணி எண்ணுறா." அது பெரிய பிழையில்லை. சிறு நகரங்கள் எங்கள் நிறுவனத்திடம் வந்து, இன்னும் இருபது வருடத்துக்கு எங்களுக்குத் தண்ணீர் இருக்குமா என்று கேட்கும். ஆற்று அளவு, மழை அளவு, கிணற்று அளவு எல்லாவற்றையும் சேர்த்து நாங்கள் பதில் எழுதிக் கொடுப்போம். நீ இப்போது இருக்கிற பள்ளத்தாக்கிலிருந்தும் அப்படி ஒரு நகரசபை இரண்டு வருடத்துக்கு முன் கேட்டது. நீ அங்கே பழம் பிடுங்கப் போய் வந்துகொண்டிருந்த நேரம் அது. உன்னுடைய மலையை நான் திரையில் பார்க்கிறேன் என்று எனக்குள் ஒரு சந்தோஷம். உனக்கும் சொன்னேன். "அப்ப எனக்கும் கொஞ்சம் கூடப் போட்டு எழுதுங்கோ அம்மா" என்று பகிடி விட்டாய்.

அங்கே பனியை எப்படி அளக்கிறார்கள் என்று அப்போதுதான் நான் முழுதாகப் படித்தேன். எவ்வளவு உயரம் கிடக்கிறது என்பது பெரிய கணக்கில்லை. நீளக் குழாயொன்றைப் பனிக்குள் இறக்கி எடுத்து நிறுக்கிறார்கள். உருகினால் எவ்வளவு தண்ணீர் என்பதை அந்த நிறை சொல்லும். அந்த நாட்டில் மலைதான் தண்ணீர்த் தாங்கி. மாரியில் நிரம்பி, கோடை முழுக்க மெல்ல மெல்லத் திறந்து விடவேண்டும். எங்களுக்கு இது விளங்காது. மொன்றியலில் பனி என்றால் வழுக்கி விழுகிறது, காரைத் தள்ளி நிறுத்தச் சொல்லி இரவில் அலறுகிற சைரன், லொறியில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொட்டுகிற குப்பை. பக்கத்தில் அவ்வளவு பெரிய ஆறு ஓடுகிறது. நானும் அரிசி கழுவும்போது குழாயைத் திறந்துவிட்டுத் தொலைபேசியில் கதைக்கிற ஆள்தான்.

உன் மலையின் நிறைகளை வருடம் வருடமாக அட்டவணை போட்டது நான். முதல் பாதி கூடிக் குறைந்து போகிறது. கடைசிப் பத்துப் பன்னிரண்டு வரியும் கீழே இறங்குகின்றன, நடுவில் ஒன்றிரண்டு வருடம் மட்டும் மூச்சு எடுக்கிறது. அதைவிட மோசம், பனி கரைகிற நாள். முன்பெல்லாம் யூன் நடுவில் உருகியது மே மாதத்திலேயே முடிந்துபோகிறது. இதை ஒரு பந்தியாக எழுதி, அறிக்கையின் முன்பக்கத்துச் சுருக்கத்தில் வைத்தேன். என் மேலாளர் வாசித்தார். நல்ல மனிதர், என் பிறந்தநாளுக்குக் கேக் வாங்கி வருகிறவர். "முப்பது வருடச் சராசரியைச் சுருக்கத்தில் வைப்போம், இதைப் பின்னிணைப்பில் போடுங்கள், வாடிக்கையாளரை முதல் பக்கத்திலேயே பயப்படுத்த வேண்டாம்" என்றார். சராசரி எடுத்தால் எண் அழகாக வந்தது. பழைய வருடங்களின் கனத்த பனி, இன்றைய மெலிந்த வருடங்களுக்கு முட்டுக்கொடுத்து நின்றது. அதில் ஒரு இலக்கமும் பொய்யில்லை. நான் வெட்டி, பின்னால் ஒட்டினேன். அன்றைக்கு நேரத்தோடு வீட்டுக்கும் வந்துவிட்டேன், ஜான்-டலோன் சந்தையில் இறங்கி வெண்டைக்காய் வாங்கியது வரை ஞாபகம் இருக்கிறது.

பின்னிணைப்பை ஒருவரும் திறப்பதில்லை. அது நகரசபையின் இணையத்தளத்தில் எல்லாரும் பார்க்கத்தான் கிடக்கிறது, ரகசியம் ஒன்றும் இல்லை. கடைசிக்கு முன் பக்கம். நாளைக்கே போய்ப் பார்.

இனி நான் வேறு ஒன்றைச் சொல்லவேண்டும், உனக்கு இது இன்றுவரை தெரியாது. நீ ஐந்தாம் வகுப்பில் படித்தபோது பள்ளியால் மலைக்கு இரண்டு நாள் பனிச் சுற்றுலா கூட்டிக்கொண்டு போனார்கள். சறுக்கப் பழக்குவார்கள் என்று நீ ஒரு மாதமாகத் துள்ளிக்கொண்டு திரிந்தாய். போகிற அன்று உனக்குக் காய்ச்சல் என்று நான் பள்ளிக்கு எழுதினேன். உனக்கு உடம்பு சூடு இருக்கவில்லை. எனக்குத்தான் பயம். பஸ் கவிழும், நீ மரத்தில் மோதுவாய், இருட்டில் தனியே நிற்பாய் என்று முழு இரவும் யோசித்தேன். உனக்கு ஒரு குளிசையும் தந்து, "நெத்தி சுடுது ராசா" என்று படுக்க வைத்தேன். நீயும் நம்பி, உண்மையாகவே முனகிக்கொண்டு படுத்திருந்தாய். அந்த முனகலை நான் மறக்கவில்லை.

எனக்கு அப்போது முப்பது. இருபதில் உன்னைப் பெற்று, உன்னைக் கார்டெரியில், அந்தப் பிள்ளைக் காப்பகத்தில், விட்டுவிட்டு வகுப்புக்கு ஓடின ஆள். கார்டெரியில் புதிதாக வந்த பெண் நான் உன் அக்கா என்று நினைத்து, உன்னைக் கூட்டிப்போகக் கையெழுத்து வைக்க விடாமல் மறித்துவிட்டாள். நானும் சில நேரம் அப்படித்தான் நினைத்தேன், இந்தப் பிள்ளையின் உண்மையான அம்மா பின்னால் வருவாள், எல்லாம் தெரிந்தவளாக இருப்பாள் என்று. அவள் வரவே இல்லை. வராத இடத்தைப் பயத்தால் நிரப்பினேன். அதனால்தான் பதினைந்து வயதில் நீ எனக்குப் பேர் வைத்தாய்: "அம்மா, நீங்கள் காலநிலை அறிக்கை. எப்ப திறந்தாலும் ஒரு எச்சரிக்கை ஓடும்." அப்பா அன்று சிரித்த சிரிப்பில் புரையேறியது. நானும் சிரித்தேன். பிறகு குளியலறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

பிறகு நீ பொறியியலை நடுவில் விட்டாய். பழம் பிடுங்கப் போன இடத்தில் மண் உனக்குப் பிடித்துவிட்டது என்றாய். அன்று சமையலறையில் நான் கேட்டதை நீ மறந்திருக்க மாட்டாய். "மண் கிண்டவோ உன்னை நான் பெத்தனான்?" நீ கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனாய். ஐந்து மாதம் எனக்கு எடுக்கவில்லை. அப்பாவுக்கு மட்டும் எடுப்பாய், நான் பக்கத்தில் இருந்து உன் குரலின் மிச்சத்தைக் கேட்பேன். அந்த ஐந்து மாதத்தில் நான் ஒரு முடிவு எடுத்தேன். இனி ஒருதரம் இவன் என்னிடம் ஏதாவது கேட்டால் ஓம் என்றுதான் சொல்வேன், என்ன கேட்டாலும் என் பயத்தை வாய்க்குள் வைத்துக்கொள்வேன் என்று. கோயிலில் வைக்கிற நேர்த்தி மாதிரி வைத்துக்கொண்டேன்.

இந்த மே மாத நீண்ட வார இறுதியில் நாங்கள் தோட்டம் பார்க்க வந்ததை யோசித்துப் பார். பெரியப்பாவும் புவாண்ட்-கிளேர் பண்டகசாலையில் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தார், தம்பி மகன் காணி எடுக்கிறான், மூத்தவன் பார்க்காமல் எடுக்கிறதா என்று. காரால் இறங்கி, மரத்தைப் பார்க்கவில்லை, வேலியைப் பார்க்கவில்லை, நேரே பழம் அடுக்கும் கொட்டிலடிக் குழாய்க்குத்தான் போனார். கையை ஏந்தி ஒரு மிடறு வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். தோட்டக்காரக் கிழவர் பயந்துபோனார், இந்த ஆளுக்கு என்ன நடந்தது என்று.

"பிள்ளை, இஞ்ச வாரும். இதைக் குடிச்சுப் பாரும். சீனி போட்ட மாதிரிக் கிடக்கு" என்று என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணை, இது மலைத் தண்ணி. உப்புக் கரிக்காது தானே" என்றார் அப்பா.

"அதைத்தான்ரா நானும் சொல்லுறன். உப்பில்லாத காணியில வேறை என்ன பார்க்கக் கிடக்கு?"

நீ சிரித்துக்கொண்டு குத்தகைத் தாளை நீட்டினாய். "வோட்டர் லைசன்சும் இருக்கு பெரியப்பா. இந்த ஓடையில எங்களுக்குப் பங்கு."

பெரியப்பா கண்ணாடியைப் போட்டு அந்த ஒரு வரியை விரலால் தடவி வாசித்தார். "உறுதித் தாளிலேயே தண்ணிப் பங்கு எழுதிக் கிடக்குது. பேந்தென்ன? கண்ணை மூடிக்கொண்டு வையடா கையெழுத்தை."

அவரைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் ஆட்கள் காணி பார்க்கிற முறை அது. யாழ்ப்பாணத்தில் ஆறு இல்லை, கிணறுதான். தண்ணீர் உவரா நன்னீரா என்பதுதான் கேள்வி, அதனால் முதலில் நாக்கு. உறுதியில் கிணற்றுப் பங்கு எழுதியிருக்கிறதா என்பது அடுத்த கேள்வி, ஏனென்றால் சண்டை பங்காளியோடுதான் வரும். இரவில் இறைத்தது விடிய ஊறிவிடும் என்பது எங்களுக்குள் ஊறின நம்பிக்கை. மலை ஓடைக்கு நாக்கு வேலை செய்யாது. அது கடைசிச் சொட்டு வரைக்கும் இனிப்பாகத்தான் இருக்கும். கேட்கவேண்டியது, எந்த மாதம் வரைக்கும் வரும் என்பதை. அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்த ஒரே ஆள் அந்த இடத்தில் நான்தான் நின்றேன்.

பெரியப்பாவே என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீர் படிச்ச ஆள். உம்மட உத்தியோகமும் தண்ணி தானே. என்ன சொல்லுறீர்?"

நீயும் பார்த்தாய். கவின், உன் முகம் அப்போது எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது. ஐந்தாம் வகுப்பு முகம். பொறுத்திருந்து பொறுத்திருந்து, இவள் இப்போது என்ன எச்சரிக்கை வாசிக்கப் போகிறாள் என்று முன்கூட்டியே சோர்ந்துபோன முகம். ஓடை எங்களுக்குப் பின்னால் இரைந்துகொண்டிருந்தது. நான் சொன்னேன், "நான் அறிக்கை எழுதினனான் தானே. சராசரி நல்லாத்தான் இருக்கு. பயப்பிடாதை." நீ ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தாய். எத்தனை வருடத்துக்குப் பிறகு! க்ளோயியும் வந்து கட்டிப்பிடித்தாள். அதற்காகத்தான் சொன்னேன் என்று இப்போது எனக்குத் தெரிகிறது.

அன்று அந்த ஓடையின் சத்தத்தைக் கேட்டு எல்லோரும் பூரித்துப்போனோம். அது மே மாதம். மலையில் பனி போய், அப்போதே முக்கால்வாசி கறுத்துப்போயிருந்தது. அவ்வளவு சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது உன் ஓகஸ்ட் மாதத் தண்ணீர். மூன்று மாதம் முந்தி ஓடிப்போய்க்கொண்டிருந்தது. காருக்குத் திரும்பும்போது தோட்டக்காரக் கிழவர் என்னோடு கூட நடந்தார். மலையைக் காட்டி, இந்த வருடம் பனி நேரத்தோடு போய்விட்டது என்றார். மறைக்கவில்லை, மனிதர் நேராகச் சொன்னார். நான் "ஓ, அப்படியா" என்றேன். உங்கள் ஒருவருக்கும் அதைச் சொல்லவில்லை. விமானத்தில் பெரியப்பா என்னைப் புகழ்ந்துகொண்டே வந்தார். திரும்பி வந்த கிழமை நானே கோயில் ஐயரிடம் போய், கையெழுத்து வைக்க நல்ல நாள் பார்த்து, இந்த வெள்ளிக்கிழமையை எடுத்துத் தந்தேன். படித்த பெண், பின்னிணைப்பைத் திறக்காமல் பஞ்சாங்கத்தைத் திறந்தேன்.

திங்கட்கிழமை அந்த நகரசபையிலிருந்து அலுவலகத்துக்கு ஒரு கடிதம் வந்தது. ஓடைகள் எதிர்பார்த்ததைவிடக் குறைந்துவிட்டன, இந்தக் கோடையில் தோட்டங்களுக்குத் தண்ணீர் மறிக்கவேண்டி வரலாம், உங்கள் சுருக்கத்துக்கும் பின்னிணைப்புக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று கேட்டிருந்தார்கள். ஒருவர் கடைசிக்கு முன் பக்கத்தைத் திறந்துவிட்டார். மேலாளர் அந்தக் கடிதத்தையும் அறிக்கையையும் என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். என் அட்டவணையை நானே புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தேன். அந்த எண்களுக்குக் கீழே உன்னைப் போட்டுப் பார்த்தேன்.

அதன் பிறகுதான் உன் குத்தகைத் தாளின் படத்தைத் திறந்து, லைசன்ஸ் வரியில் இருந்த திகதியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அங்கே தண்ணீர் குறைந்தால் எல்லோருக்கும் சமமாகக் குறைப்பதில்லை. முதலில் லைசன்ஸ் எடுத்தவருக்கு முதலில் கிடைக்கும். கடைசியாக எடுத்தவருக்கு முதலில் நிற்கும். அந்த ஓடையின் வரிசையில் உன் தோட்டம் கடைசிக்குக் கிட்ட. நீ மூன்று கோடையும் வேலை செய்த தோட்டங்கள் பெரிய ஏரியின் கரையில் இருந்தன, பம்ப் போட்டு ஏரியில் எடுப்பார்கள், அதனால் நீ ஓகஸ்டில் வாடின மரத்தைப் பார்த்ததில்லை. இது சரிவில் இருக்கிறது, ஓடையை விட்டால் வேறு கதி இல்லை. பழம் பிடுங்கி முடிந்த பிறகுதான் மரம் அடுத்த வருட மொட்டைக் கட்டும், அப்போது தண்ணி காட்டாவிட்டால் அடுத்த விளைச்சலும் போகும் என்று நீதான் எனக்குச் சொல்லித் தந்தாய். சொல்லித் தந்தபோது நான் தலையாட்டினேன்.

அப்பாவிடம் சொன்னேன். "இப்ப போய் அவனைக் குழப்பாதையும். பெடியன் எவ்வளவு ஆசையா நிக்கிறான். மழை பெய்யாமலோ போகும்?" என்றார். பெய்யலாம். அடுத்த மாரியில் மலை நிறையவும் கிடக்கலாம், என் அட்டவணையிலும் அப்படி வருடங்கள் உண்டு. ஆனால் பத்து வருடக் கையெழுத்தை அப்படி ஒரு வருடத்தை நம்பி வைக்க என்னால் உனக்குச் சொல்ல முடியாது. நாளைக்கு மேலாளரிடமும் சொல்லப் போகிறேன், அந்தப் பந்தி முதல் பக்கத்துக்குத் திரும்பி வரவேண்டும் என்று. அந்தப் பள்ளத்தாக்கில் இன்னும் எத்தனையோ தாய்மாரின் பிள்ளைகள் என் சுருக்கத்தை வாசித்து மரம் நட்டிருப்பார்கள். அவர்களுக்கு நான் கடிதம் எழுத முடியாது.

குத்தகையை எடுக்காதே என்று நான் சொல்லவில்லை. உனக்கு அந்த மண் பிடித்திருக்கிறது, உன் கை அந்த மரங்களில் எப்படி நிற்கிறது என்று பார்த்தேன், மண் கிண்டுகிற பிள்ளையைப் பெற்றதில் எனக்கு இப்போது குறையில்லை. ஆனால் கையெழுத்துக்கு முன் கிழவரிடம் நேராகக் கேள்: போன ஓகஸ்டில் எத்தனை நாள் மறித்தார்கள், அதற்கு முந்தின வருடம் எத்தனை நாள். மேலே மழைநீர் தேக்க ஒரு குட்டை வெட்ட விடுவாரா. தண்ணீர் மறித்த வருடத்துக்குக் குத்தகையைக் குறைப்பாரா. பத்து வருடத்தை மூன்றாக்க முடியுமா. அவர் பொய் சொல்லுகிற மனிதர் இல்லை, கேட்டால் சொல்வார். எங்களில் ஒருவரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். நல்ல நாள் போய்விடும் என்று யோசிக்காதே, ஐயரிடம் நான் வேறு நாள் கேட்கிறேன். பெரியப்பாவுக்கும் நானே சொல்கிறேன், அவர் ஏசினால் நான் வாங்கிக்கொள்கிறேன்.

உனக்குக் கோபம் வரும். மே மாதத்தில் என்னைக் கட்டிப்பிடித்ததை நினைத்து இன்னும் கூட வரும். அந்த ஐந்து மாதம் மாதிரி இன்னொரு ஐந்து மாதம் நீ கதைக்காமல் விட்டாலும் நான் தாங்குவேன் என்று எழுத நினைத்தேன். தாங்க மாட்டேன். ஆனாலும் இதை அனுப்புகிறேன். பயப்படவேண்டிய நேரத்தில் பயப்படாமல் நின்றுவிட்டேன், அதற்காக என்னை மன்னிக்க முடிந்தால் மன்னி, முடியாவிட்டால் அதற்கு அவசரம் இல்லை.

அவசரம் வெள்ளிக்கிழமைக்குத்தான். க்ளோயிக்கு இதை மொழிபெயர்த்துச் சொல், ஒன்றையும் விடாதே. சொல்லிவிட்டு, இருவரும் என்ன முடிவு எடுத்தீர்கள் என்று வியாழன் இரவுக்குள் எனக்கு ஒரு வரி பதில் எழுது.

அம்மா